ஒரே தனிமம், வேறு வேறு ஏற்றம்
ஹவ்ளுத் தண்ணீரிலிருந்து இராணிப்பேட்டை வரை

குன்னம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். மோட்டார் ஓடும்போது குழாயிலிருந்து விழும் தண்ணீர் பளிங்கு போல் தெளிவாக இருந்தது. ஆனால் மாலையில் நிரப்பிய ஹவ்ளு மறுநாள் ஃபஜ்ருக்குள் மங்கிச் செம்பழுப்பு நிறம் கொண்டது. படிகளில் துரு போன்ற படலம் ஒட்டியது. இந்தத் தண்ணீரில் உளூச் செய்வது கூடுமா என்று ஊரார் எங்கள் மத்ரஸாவுக்கு வந்து கேட்டனர்.

சட்டத்தைச் சொல்வது எளிதாயிருந்தது. தண்ணீர் தான் தங்கியிருக்கும் இடத்தின் மண்ணாலோ கனிமத்தாலோ நிறம் மாறினால் அதன் தூய்மைப்படுத்தும் தன்மை நீங்கிவிடுவதில்லை. ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் நூல்களும் இதனைத் தெளிவாகவே கூறுகின்றன. வந்தவர்கள் மனநிறைவோடு திரும்பினர். ஆனால் வகுப்பிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், சட்டம் விளங்கிவிட்டது. தெளிவாக வந்த தண்ணீருக்குள் சிவப்பு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. பிறகு வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டபோது அவர் ஒரே வாக்கியத்தில் விடை சொன்னார்: "இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்துவிட்டது, அவ்வளவுதான்." அந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வாரங்கள் பிடித்தன.

இரண்டாவது கேள்வி அஞ்சலில் வந்தது. எங்களிடம் ஓதி, இன்று இராணிப்பேட்டைப் பக்கத்தில் இமாமாகப் பணியாற்றும் ஒருவர் எழுதியிருந்தார். தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழ்வோர் அவருடைய மஹல்லாவில் நிறைய. குரோமியம் கொடிய நஞ்சு என்று சிலர் சொல்கின்றனர். குரோமியம் உடலுக்கு வேண்டிய சத்து, மருந்துக் கடையில் மாத்திரையாகவே விற்கிறார்கள் என்று வேறு சிலர் வாதிடுகின்றனர். எது உண்மை என்று அவர் கேட்டிருந்தார்.

ஹவ்ளுத் தண்ணீரும் இராணிப்பேட்டையும் தொடர்பற்றவை போலத் தோன்றலாம். இரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே: ஒரு தனிமத்தின் பெயரை மட்டும் அறிந்து அதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது, அது எந்த மின்னேற்ற நிலையில் இருக்கிறது என்பதையும் அறிய வேண்டும். இக்கட்டுரை அதனை விளக்கும் முயற்சியாகும்.

அயனி என்பது யாது?

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் நேர்மின்னேற்றம் கொண்ட புரோட்டான்கள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்து எதிர்மின்னேற்றம் கொண்ட எலக்ட்ரான்கள் உள்ளன. இரண்டின் எண்ணிக்கையும் சமமாக இருப்பதால் அணு மொத்தத்தில் மின்னேற்றம் அற்றது. ஓர் அணு எலக்ட்ரானை இழந்தால் அதன் நேர்மின்னேற்றம் மிஞ்சும். எலக்ட்ரானைப் பெற்றால் எதிர்மின்னேற்றம் மிஞ்சும். இவ்வாறு ஏற்றம் பெற்ற அணுவை அல்லது அணுக்கூட்டத்தை அயனி என்கிறோம்.

இச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய அறிஞர் மைக்கேல் ஃபாரடே, ஆண்டு 1834. கிரேக்க மொழியில் இதற்குச் 'செல்வது' என்று பொருள். கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் இவை எதிரெதிர் முனைகளை நோக்கிச் செல்வதால் இப்பெயர் வந்தது. உப்பு நீரில் கரைந்த மாத்திரத்தில் மின்சாரம் இன்றியே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்று 1884-இல் ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் கூறியபோது அவருடைய ஆசிரியர்களே தயங்கினர். அதே ஆய்வுக்காக 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அரபு மொழிக்கும் இத்துறைக்கும் உள்ள உறவு வாசகர்கள் அறிந்ததே. எட்டாம் நூற்றாண்டின் ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் நூல்கள் மேற்குலகின் வேதியியலுக்கு முன்னோடிகளாயின. செடிச் சாம்பலைக் குறிக்கும் 'கலீ' என்ற அரபுச் சொல்லிலிருந்தே காரப்பொருளுக்கு ஐரோப்பிய மொழிகளில் 'அல்கலி' என்ற பெயர் வந்தது. பொட்டாசியத்தின் இலத்தீன் பெயராகிய 'காலியம்' என்பதற்கும் மூலம் அதுவே.

வினைச்சொல்லும் அதன் செயப்படுபொருளும்

எத்தனை எலக்ட்ரான்களை இழப்பது, எத்தனையைப் பெறுவது என்பதை அணுக்கள் தம் விருப்பம்போல் தீர்மானிப்பதில்லை. எனக்கு இது விளங்கியது அரபு இலக்கணத்தின் வழியாகத்தான். 'ஜலஸ' (அமர்ந்தான்) என்ற வினை செயப்படுபொருளை வேண்டாது. இதனை 'லாஸிம்' என்போம். 'நஸர' (உதவினான்) என்பது ஒரு செயப்படுபொருளை வேண்டும். 'அஃதா' (கொடுத்தான்) என்பது யாருக்கு, எதை என்று இரண்டை வேண்டும். 'அஃலம' (அறிவித்தான்) என்பது மூன்று வரை வேண்டும். ஒவ்வொரு வினைக்கும் அதன் தேவை அதன் இயல்பிலேயே அமைந்திருக்கிறது.

தனிமங்களும் இவ்வாறே. ஹீலியம், நியான், ஆர்கான் ஆகிய வாயுக்கள் 'லாஸிம்' வினைகள் போன்றவை. வெளிக்கூட்டில் எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதால் அவற்றுக்கு எதுவும் வேண்டியதில்லை. சோடியமும் பொட்டாசியமும் வெளிக்கூட்டில் தனித்து நிற்கும் ஒரு எலக்ட்ரானை இழந்து +1 ஆகின்றன. கால்சியமும் மக்னீசியமும் இரண்டை இழந்து +2 ஆகின்றன. அலுமினியம் மூன்றை இழந்து +3 ஆகிறது. மறுபுறம் ஃபுளூரினும் குளோரினும் ஒன்றைப் பெற்று −1 ஆகின்றன. ஆக்சிஜனும் கந்தகமும் இரண்டைப் பெற்று −2 ஆகின்றன.

இனி, சேர்மங்கள் உண்டாவதில் ஒரே ஒரு விதிதான்: கொடுத்ததும் வாங்கியதும் சமமாக வேண்டும். சோடியம் ஒன்று கொடுக்கிறது, குளோரின் ஒன்று வாங்குகிறது. ஆகவே சாப்பாட்டு உப்பில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று. கால்சியம் இரண்டு கொடுப்பதால் அதற்கு இரண்டு குளோரின் வேண்டும். அலுமினியத்திற்கு மூன்று வேண்டும். இந்தத் 'தேவை எண்' பற்றிய கருத்தை 1852-இல் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் முன்வைத்தார். அதனையே இணைதிறன் என்று பாடநூல்கள் கூறுகின்றன.

சில அயனிகள் கூட்டாக வாழ்கின்றன. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சைடு −1, நைட்ரேட் −1, பைகார்பனேட் −1, கார்பனேட் −2, சல்பேட் −2, பாஸ்பேட் −3, அம்மோனியம் +1. சுமார் 15 அயனிகளின் ஏற்றங்களை நினைவில் வைத்துக்கொண்டால், நம் கிணற்று நீரிலும் வயல் மண்ணிலும் உள்ள உப்புகளில் பெரும்பாலானவற்றின் கணக்கை நாமே போட்டுவிடலாம்.

காலடியில் கிடக்கும் பாடம்

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாங்கள் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊருக்கருகில் சுமார் 10 கோடி ஆண்டுப் பழைமையுள்ள களிப்பாறை நிலம் மழைநீரால் அரிக்கப்பட்டுச் சிறு சிறு செந்நிறப் பள்ளங்களாகக் கிடக்கிறது. சுருள்வடிவக் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் அங்கே கிடைத்துள்ளன. அந்தக் களிப்பாறையைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்லும் பளபளப்பான வெண்ணிற இழைகள் ஜிப்சம். அங்கங்கே பாஸ்பேட் முண்டுகளும் கிடக்கின்றன. சிறிது கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் சிமெண்ட் ஆலைகளுக்கு உணவாகும் சுண்ணாம்புப் பாறை.

மூன்றிலும் கால்சியம் உண்டு. அதன் ஏற்றம் எப்போதும் +2. சுண்ணாம்புப் பாறையில் அதற்குத் துணை −2 ஏற்றமுள்ள கார்பனேட். ஆகவே ஒன்றுக்கு ஒன்று. ஜிப்சத்தில் துணை −2 ஏற்றமுள்ள சல்பேட். அதுவும் ஒன்றுக்கு ஒன்று, கூடவே இரண்டு நீர் மூலக்கூறுகள். பாஸ்பேட் −3 என்பதால் அங்கு மட்டும் கணக்கு மாறும்: மூன்று கால்சியம் தரும் +6-ஐ இரண்டு பாஸ்பேட் தரும் −6 ஈடுசெய்யும். உழவர் நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஜிப்சம் இடுவது, காய் திரள்வதற்குக் கால்சியமும் எண்ணெய்ச் சத்துக்குக் கந்தகமும் வேண்டியே ஆகும்.

காரைப் பள்ளங்களின் சிவப்பும், ஹவ்ளுப் படியின் சிவப்பும் ஒன்றுதான். இரண்டும் +3 ஏற்றமுள்ள இரும்பு. இங்கே நாம் கால்சியத்தை விட்டு வேறு வகைத் தனிமத்துக்கு வருகிறோம். கால்சியத்திற்கு ஒரே நிலைதான். இரும்புக்கோ +2, +3 என்னும் இரு நிலைகள் இயல்பாக உண்டு. நிலத்தின் ஆழத்தில், காற்று புகாத இடத்தில், இரும்பு +2 ஆக நீரில் கரைந்திருக்கும். அந்தக் கரைசலில் கண்ணுக்கு நிறம் தெரியாது. தண்ணீர் மேலே வந்து காற்றைச் சந்தித்ததும் ஆக்சிஜன் அதனிடமிருந்து ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. +3 ஆகிய இரும்பு சாதாரண நீரில் கரைந்து நிற்காது; செம்பழுப்பு வீழ்படிவாகி அடியில் தங்கும். மாணவரின் கேள்விக்கு விடை இதுவே. சிவப்பு வெளியிலிருந்து வரவில்லை. தண்ணீருக்குள் மறைந்திருந்த இரும்பு, ஒரு எலக்ட்ரானை இழந்து வெளிப்பட்டது.

இதிலேயே தீர்வும் இருக்கிறது. தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழச்செய்து, ஒரு தொட்டியில் தங்கவிட்டு, மணலில் வடித்து ஹவ்ளுக்கு அனுப்பினால் போதும். அந்தப் பள்ளிவாசலில் அவ்வாறே செய்தனர்; இப்போது படலம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

கூட்டு அயனிக்குள் கணக்கு

தனித்த அயனியின் ஏற்றம் கண்கூடானது. கூட்டு அயனிக்குள் ஒவ்வொரு தனிமத்தின் நிலையையும் அறிய ஒரு கணக்கு முறை உண்டு. அதில் கிடைக்கும் எண்ணை ஆக்சிஜனேற்ற எண் என்பர். இது உண்மையான ஏற்றம் அன்று. எலக்ட்ரான்கள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என்பதைக் காட்டும் கணக்கெழுத்து. தனித்து நிற்கும் தனிமத்திற்கு 0. ஆக்சிஜனுக்குப் பெரும்பாலும் −2; ஹைட்ரஜனுக்குப் பெரும்பாலும் +1. எல்லாவற்றையும் கூட்டினால் அயனியின் மொத்த ஏற்றம் வரவேண்டும்.

சல்பேட்டில் ஒரு கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் உள்ளன. மொத்த ஏற்றம் −2. நான்கு ஆக்சிஜனுக்கு −8. மொத்தம் −2 ஆக வேண்டுமானால் கந்தகம் +6 ஆக இருக்க வேண்டும். கிணற்றில் இடும் பெர்மாங்கனேட்டில் ஒரு மாங்கனீசும் நான்கு ஆக்சிஜனும், மொத்தம் −1; ஆகவே மாங்கனீசு +7. நாம் பின்னால் சந்திக்கப்போகும் குரோமேட்டில் ஒரு குரோமியமும் நான்கு ஆக்சிஜனும், மொத்தம் −2. ஆகவே குரோமியம் +6. சல்பேட்டும் குரோமேட்டும் ஒரே எண்ணிக்கை, ஒரே வடிவம், ஒரே ஏற்றம் கொண்டவை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்துக. இந்த ஒற்றுமையில்தான் பின்வரும் கதையின் முடிச்சு இருக்கிறது.

ஒரு வேர், பல வஸ்ன்கள்

அரபியில் 'ஐன், லாம், மீம்' என்ற ஒரே வேர் 'அலிம' என வந்தால் 'அறிந்தான்'. 'அல்லம' என வந்தால் 'கற்பித்தான்'. 'தஅல்லம' என வந்தால் 'கற்றான்'. வேர் ஒன்றாயினும் வஸ்னை அறியாமல் பொருள் சொல்லும் மாணவரை ஆசிரியர் ஏற்கமாட்டார். தனிமத்தின் பெயர் வேர் போன்றது. அதன் ஏற்ற நிலை வஸ்ன் போன்றது.

0 நிலையிலுள்ள சோடியம் தண்ணீர் பட்டால் சீறியெழும் உலோகம். 0 நிலையிலுள்ள குளோரின் நுரையீரலை அரிக்கும் வாயு. +1 ஆன சோடியமும் −1 ஆன குளோரினும் நாம் நாள்தோறும் உண்ணும் உப்பு. தண்ணீர்த் தொட்டியில் இடும் பிளீச்சிங் பவுடரில் அதே குளோரின் +1 நிலையில் இருக்கிறது. அது கிருமியிடமிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து அதனைக் கொன்று, தானும் சாதாரணக் குளோரைடாக அடங்கிவிடுகிறது.

இரும்பு நம் இரத்தத்தில் +2 நிலையில் இருந்தால்தான் ஆக்சிஜனைச் சுமக்கும். +3 ஆகிவிட்டால் அந்த ஹீமோகுளோபின் பயனற்றது. உரம் மிகுந்த நிலத்துக் கிணறுகளில் நைட்ரேட் கூடும். அதில் நைட்ரஜன் +5. அந்நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் உடலில் நைட்ரேட் +3 நிலையுள்ள நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தின் இரும்பை +3 ஆக்கிவிடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் வரம்பு கட்டியிருப்பது இதனால்தான். இரத்தசோகைக்குத் தரப்படும் இரும்பு மாத்திரைகளில் பெரும்பாலும் +2 இரும்பு இருப்பதற்கும் காரணம் உண்டு. குடல் அதனையே எளிதில் ஏற்கிறது. கீரை உணவோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளும் பழக்கமும் வீணன்று. அதிலுள்ள வைட்டமின் சி, +3 இரும்பை +2 ஆக்கித் தருகிறது.

பதனிடும் குரோமியமும் நஞ்சாகும் குரோமியமும்

இனி இமாமின் கேள்விக்கு வருவோம். பதனிட்டால் தோல் தூய்மையாகும் என்பது ஃபிக்ஹு நூல்களில் தனி ஒரு பாடமே ஆகும். துவர்ப்புள்ள காய்களையும் பட்டைகளையும் மாதுளை ஓட்டையும் கொண்டு பதனிடுவதை அந்நூல்கள் பேசுகின்றன. தமிழகத்துத் தோல் தொழிலில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. அதற்கு வாரக்கணக்கில் நாளாகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோமியப் பதனிடலை அறிமுகப்படுத்திப் பரப்ப முயன்றார். இம்முறையில் வாரங்கள் நாள்களாகச் சுருங்கின.

இதில் பயன்படுவது +3 நிலையிலுள்ள குரோமியம் சல்பேட். மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட குரோமியம், தோலின் புரத இழைகளிலுள்ள எதிர்மின்னேற்ற முனைகளைப் பற்றிக்கொண்டு இழைக்கு இழை பாலம் கட்டுகிறது. தோல் அழுகாமலும் வெந்நீரில் சுருங்காமலும் நிலைப்பது இதனால். +6 குரோமியத்தால் இந்தப் பாலத்தைக் கட்ட முடியாது. அது குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக இருக்கிறது. எதிர்மின் முனையை எதிர்மின் அயனி எப்படிப் பற்றும்?

உடலுக்குள் இரண்டின் போக்கும் நேர்மாறானது. நம் செல்களின் சவ்வில் சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் உள்ளே விடும் வாயில்கள் உள்ளன. +3 குரோமியத்திற்கு அவ்வாயில்கள் திறப்பதில்லை. அது பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. குரோமேட்டோ சல்பேட்டின் வடிவும் ஏற்றமும் கொண்டது. வாயில் அதனைச் சல்பேட் என்று எண்ணி உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே சென்றதும் அது எலக்ட்ரான்களைப் பறித்து, +5, +4 எனப் படிப்படியாக +3-க்கு இறங்குகிறது. அவ்வாறு இறங்கும் வழியில்தான் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ. சிதைகிறது. +6 குரோமியச் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-இல் முதல் வகுப்பில் சேர்த்தது. +3 குரோமியத்தை அது அவ்வாறு வகைப்படுத்தவில்லை.

மாத்திரையாக விற்கப்படுவது +3 குரோமியம். அது உடலுக்கு இன்றியமையாத சத்து என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அதற்குப் போதிய சான்று இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-இல் கூறியது. ஆகவே அந்த மஹல்லாவின் இரு தரப்பாரும் ஒரு வேரை வைத்துக்கொண்டு வெவ்வேறு வஸ்ன்களைப் பற்றிப் பேசியிருக்கின்றனர்.

பாலாற்றங்கரையின் இரு துயரங்கள்

குரோமியம் சல்பேட்டைத் தயாரிக்கத் தொடக்கப் பொருள் குரோமைட் என்னும் தாது. தாதுவில் குரோமியம் +3 நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அது கரையாது. அதனைச் சோடா உப்புடன் சேர்த்துக் காற்றில் வறுத்து +6 ஆக்கி, நீரில் கரைத்து எடுத்து, பிறகு மீண்டும் +3-க்கு இறக்குகின்றனர். ஆபத்து அந்த நடுக்கட்டத்தில் உள்ளது. இராணிப்பேட்டையில் இயங்கிய 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ்' நிறுவனம் 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, சுமார் ஒன்றரை இலட்சம் டன் என்று மதிப்பிடப்பட்ட கழிவு அதன் வளாகத்தில் குவிந்து கிடந்தது. அதிலிருந்த +6 குரோமியம் மழைநீரில் கரைந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட, உலகின் மிகவும் மாசுற்ற பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் இன்னொரு துயரம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் பாலாறும் விளைநிலமும் கெட்டது குறித்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து அந்நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இந்தக் கழிவுநீரிலுள்ள குரோமியம் பெரும்பாலும் +3. சுண்ணாம்போ வேறு காரமோ சேர்த்தால் அது ஹைட்ராக்சைடாக அடியில் படிந்துவிடும். பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். பிரித்தெடுப்பதற்கு அரியது, தோலைக் கெடாமல் வைக்கத் தூவிய சாதாரண உப்பு. +1 சோடியமும் −1 குளோரைடும் சுண்ணாம்புக்கு மசியாது, காற்றுக்கும் மசியாது. அவற்றைப் படியச் செய்யும் மலிவான வழி இல்லை. சவ்வினால் வடித்தோ நீரைக் காய்ச்சி ஆவியாக்கியோதான் பிரிக்க வேண்டும். இதன் செலவு பெரிது. ஆகவே பாலாற்றங்கரை உழவரின் கிணறு உவர்த்ததில் நாம் அஞ்சும் குரோமியத்தைவிட நாம் அஞ்சாத உப்பின் பங்கே மிகுதி. இதைச் சொல்வது குற்றத்தைக் குறைப்பதற்கன்று. நோய் எது என்று சரியாக அறிந்தால்தான் மருந்து சரியாகும்.

+3 என்பதும் என்றென்றைக்குமான பாதுகாப்புப் பத்திரம் அன்று. குரோமியம் ஏறிய தோல் துண்டுகளைத் திறந்த வெளியில் எரித்தால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி +6 ஆகக்கூடும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடும் அதனைச் சிறிது சிறிதாக ஏற்றிவிடும். பதனிடும் முறை பிழைத்தால் தோலிலேயே +6 தோன்றும். இதனால்தான் தோலில் பட்டணியும் பொருள்களில் +6 குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல் விதித்துள்ளது. நம்மூர்களில் தோல் துண்டுகளை அடுப்புக்கும் குப்பைத் தீக்கும் இடுவோர் இதனை அறிய வேண்டும்.

இரும்பே மருந்து

+6 குரோமியத்தை அடக்க என்ன செய்வது? அதற்கு மூன்று எலக்ட்ரான்கள் வேண்டும். கொடுத்துவிட்டால் அது +3 ஆகிக் காரத்தில் படிந்துவிடும். ஆகவே எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருள் ஒன்று தேவை. அதற்கு உலகெங்கும் கையாளப்படும் பொருள்களில் ஒன்று, இரத்தசோகை மாத்திரையில் உள்ள அதே +2 இரும்பு சல்பேட். இரும்பு ஒன்று ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து +3 ஆகிறது. குரோமியம் ஒன்றுக்கு மூன்று எலக்ட்ரான்கள் வேண்டும் என்பதால் மூன்று இரும்பு தேவைப்படுகிறது. எங்கள் ஹவ்ளில் இரும்பு தன் எலக்ட்ரானைக் காற்றுக்குக் கொடுத்துச் சிவந்தது. அங்கே குரோமியத்துக்குக் கொடுத்து அதன் நஞ்சை முறித்துச் சிவக்கிறது. செயல் ஒன்றே, பெறுபவர்தாம் வேறு.

இங்கே இப்னு ஸீனா (ரஹ்) அவர்களின் கருத்தொன்று நினைவுக்கு வருகிறது. செம்பைப் பொன்னாக்க முயன்ற தம் காலத்து இரசவாதிகளை அவர் மறுத்தார். உலோகத்தின் சாயலை மாற்றலாமேயன்றி அதன் இனத்தை மனித முயற்சியால் மாற்ற இயலாது என்றார். மேற்கண்ட மருத்துவத்திலும் குரோமியம் குரோமியமாகவே இருக்கிறது. அது அழிந்துவிடவில்லை; அதன் நிலை மட்டும் மாறியது. ஆகவே படிந்த கழிவையும் பாதுகாப்பாக வைத்தாக வேண்டும். கண்ணுக்கு மறைந்ததைத் தீர்ந்ததாக எண்ணி ஏரியோரத்தில் கொட்டினால், அது மீண்டும் ஏறி வரக்கூடும்.

நமக்கு இதில் கடமை என்ன? ஊர்க் கிணற்றின் ஆய்வறிக்கை கையில் வந்தால் பெயர்களை மட்டும் படித்துவிட்டு அஞ்சவோ அலட்சியமாக இருக்கவோ வேண்டாம். எந்த நிலை, எவ்வளவு என்று கேட்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரம் குரோமியத்திற்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பை மொத்தக் குரோமியத்திற்கே வைத்துள்ளது. +3, +6 என்று பிரிப்பதில்லை. ஆகவே தோல், முலாம், சாயம் ஆகிய தொழில்கள் நடக்கும் ஊர்களில் +6-ஐத் தனியே சோதித்துத் தரும்படி ஆய்வகத்தை நாமே வற்புறுத்திக் கேட்க வேண்டும். தீங்கை நீக்குவது கடமை என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. எது தீங்கு என்று அறியாமல் அதனை நீக்குவது எவ்வாறு?

இமாமுக்கு நான் சுருக்கமாகவே பதில் எழுதினேன். "உங்கள் மஹல்லாவினர் இருவரும் பாதி சொல்லியிருக்கின்றனர். கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுங்கள். குரோமியம் எந்த நிலையில் இருக்கிறது என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். உப்பின் அளவையும் கேளுங்கள். அறிக்கை வரும் வரை, நீர் மஞ்சளாகத் தோன்றும் கிணற்றைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்த வேண்டாம் என்று ஜும்ஆவில் அறிவித்துவிடுங்கள்." அறிக்கையை எதிர்பார்த்திருக்கிறோம்.